தண்ணீர் ஜாடிக்குக் கிடைத்த கைதட்டல்

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பழைய ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலைந்து பேர் மயூர் விஹாரில் என் வீட்டுக்கு வந்து ரவா தோசையை ஒரு கை பார்த்தீர்கள். போகும்போது, "மேடம், உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க, எங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றீர்கள். ஓய்வு பெற்றவர்களின் அனுபவம் இதுவரை யாருக்கு உபயோகப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் உங்கள் வயதில் அப்படி யாரிடமும் போய்க் கேட்டதில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். உங்களில் டெல்லியில் பிறந்த இருவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மற்றவர்கள் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், நடுவில் நல்ல இடங்களை விழுங்காமல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிருமி வளர்க்கும் ஃபெர்மென்டர் தொட்டியை எப்படிக் கழுவுவது, அதற்குக் காற்றை எவ்வளவு திறப்பது என்பதெல்லாம் இதில் வராது. அதற்குக் கையேடு இருக்கிறது. நீங்கள் அதைத் திறப்பதில்லை என்பது வேறு விஷயம். நன்றாகப் படித்த மனிதர்கள் ஒரு கட்டடத்துக்குள் கூட்டமாகச் சேர்ந்து எப்படி அசடாவார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், முன்வரிசையில்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. முதல் மழைக்கே சாக்கடை அடைத்துக்கொண்டு டெல்லி மிதக்கும். திறந்து பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக் பை. பத்திரிகைகள் தினமும் எழுதின. மேலே யாரோ ஒரு பெரிய அதிகாரி, "இதைத் தின்ன ஒரு கிருமி கிடையாதா?" என்று கேட்டுவிட்டார். டெல்லியில் பெரிய அதிகாரி கேள்வி கேட்டால் அதற்கு ஒரு திட்டம் பிறந்தாக வேண்டும். பிறந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலையில் வந்து விழுந்தது.

கிருமி எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. என் வீட்டுக்குப் பக்கத்துக் குப்பை மலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி நான் பொறுக்கி வந்த ஒரு கிழிசலிலிருந்து பிரித்தெடுத்தது. உடனே வாயைப் பிளக்காதீர்கள். பாலியெஸ்டர் வகையில் ஒன்றை, அதுவும் மெல்லிய படலமாகக் கொடுத்தால், போனால் போகிறதென்று வாரக்கணக்கில் அரிக்கும். காய்கறிக்காரர் கொடுக்கும் பையை அது முகர்ந்துகூடப் பார்க்காது. அரிப்பது அந்த நுண்ணுயிர் வெளியே கசியவிடும் ஒரு என்சைம். அது கசிந்ததோ கண்ணுக்கு விடும் மருந்து அளவு. அதை எப்படியாவது நிறையச் சுரக்க வைப்பதுதான் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

எங்கள் டைரக்டர் திருச்சிக்காரர். டெல்லிக்கு வந்து பல காலம் ஆனவர். தமிழில் ஆரம்பித்து இந்தியில் திட்டி ஆங்கிலத்தில் முடிப்பார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கெட்டவராக இருக்கவும் கொஞ்சம் நிதானம் வேண்டும், அது அவரிடம் இல்லை. எல்லாமே அவருக்கு ஜல்தி ஜல்தி.

"என்னம்மா வசந்தா, பட்டினி போட்டா எந்தக் கிருமிதான் வேலை செய்யும்? நல்லா சாப்பாடு போடுங்க" என்றார் முதல் வாரமே. போட்டோம். சர்க்கரை, ஈஸ்ட் சாறு என்று கல்யாண விருந்து. ஃபெர்மென்டருக்குள் தோசை மாவு மாதிரிக் கெட்டியாக வளர்ந்து நின்றது. அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பூரித்துப்போனார். என்சைம் எவ்வளவு என்று பார்த்தால் சுத்தமாக இல்லை. வாய்க்குள் சர்க்கரை ஊட்டப்படும்போது அது எதற்காகப் பிளாஸ்டிக்கைக் கடிக்கும்? சம்பளம் முதல் தேதி தானாக வந்துவிடும் என்று தெரிந்த எங்கள் நிர்வாகப் பிரிவும் அப்படித்தான் இருந்தது. கடைசியில் சர்க்கரையைக் குறைத்து அரைப் பட்டினி போட்ட பிறகுதான் என்சைம் எட்டிப் பார்த்தது. இதை அவரிடம் சொன்னபோது, "அச்சா, நான் அதைத்தானே சொன்னேன்" என்றார்.

அந்த நேரத்தில்தான் முருகேசன் வந்து சேர்ந்தார். விருதுநகர்க்காரர், முப்பது வயதுக்கு மேலே, முனைவர் பட்டம் முடித்தவர். ஒப்பந்த வேலை. நல்ல உழைப்பாளி, பேச்சு குறைவு, இந்தி அதைவிடக் குறைவு. மனைவி ஜெயந்தி மாசமாக இருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு மாடி அறையில் இருந்தார்கள். ஜூன் மாதம் அந்த அறைக்குள் நுழைந்தால் நமக்கே ஃபெர்மென்டருக்குள் இறங்கியது போல இருக்கும். திட்டம் நன்றாகப் போனால் நிரந்தரப் பதவி ஒன்று உருவாகும், அது அவருக்குத்தான் என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். பதவியோடு கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். நான் அந்தக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். என் அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தாலும் தலைக்கு மேலே காங்க்ரீட் இருக்கும், வாசலில் வேப்பமரம் இருக்கும், தமிழில் சண்டை போட அக்கம்பக்கம் ஆள் இருக்கும். அது ஜெயந்திக்குக் கிடைக்க வேண்டும் என்று நானும் மனதார ஆசைப்பட்டேன்.

முருகேசனின் வேலை, நுண்ணுயிரின் மேல் புற ஊதாக் கதிர் பாய்ச்சி அதைச் சற்றுக் கெடுத்து, குணம் மாறிப் பிழைத்துவரும் மியூட்டன்ட்களில் எது அதிகமாகச் சுரக்கிறது என்று பொறுக்குவது. நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும். இங்கேதான் வந்தது வினை. ஒவ்வொன்றையும் நிஜமான பிளாஸ்டிக் படலத்தில் போட்டுப் பார்த்தால் வாரக்கணக்காகும். அதற்குப் பதிலாக நிறமில்லாத ஒரு மருந்து உண்டு. என்சைம் அதைக் கடித்தால் சில நிமிஷத்தில் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு என்சைம் என்று கணக்கு. சுலபம், சுத்தம், சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள், நாங்களும் செய்தோம்.

டைரக்டர் தன் அறைக்கு வெளியே ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார். திங்கட்கிழமை தோறும் அந்த வார மஞ்சளின் அளவைத் தன் கையாலேயே பெரிதாக எழுதுவார். எழுதிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பார். எண் ஏறினால் எல்லோருக்கும் பர்ஃபி. இறங்கினால் முருகேசனுக்கு மட்டும் பேச்சு. அதனால் எண் ஏறிக்கொண்டே போனது. நாங்கள் பொய் எழுதவில்லை, நிஜமாகவே மஞ்சள் கூடியது. ஆய்வுக்கூடத்தில் யாரைப் பார்த்தாலும், "இன்னைக்கு மஞ்சள் எப்படி?" என்றுதான் விசாரிப்பு. பிளாஸ்டிக் என்ற வார்த்தையே யார் வாயிலும் வரவில்லை. எங்களுக்கு எந்த வேலை கொடுக்கப்பட்டது என்பதே மறந்துபோயிருந்தது.

ஒருநாள் மத்தியானம் கேண்டீனில் முருகேசன் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். ராஜ்மா சாவலைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"மேடம், நம்ம மியூட்டன்ட்டை நிஜ பிளாஸ்டிக் ஃபிலிம்ல போட்டுப் பாத்தேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். மனசு கேக்கல. வாரக்கணக்கா ஊறுது மேடம், ஃபிலிம் போட்டது போட்டபடி இருக்கு. ஒரு கீறல் இல்ல. நம்ம பழைய கிருமி, குப்பையில இருந்து வந்த அதே ஒண்ணு, அது பக்கத்து ஜாடியில லேசா அரிச்சிருக்கு."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கதிர் பாய்ச்சி நாங்கள் பொறுக்கிய கிருமி, மஞ்சள் மருந்தைக் கடிக்கும் வேறொரு என்சைமைக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தது. அதற்குச் சின்னத் துணுக்கைக் கடிக்கத் தெரியும், படலத்தில் பல் பதியாது. நாங்கள் மஞ்சளைத் தேடினோம், அது மஞ்சளைக் கொடுத்தது. அதன் மேல் என்ன தப்பு? பிளாஸ்டிக்கைத் தின்னு என்று யாருமே அதனிடம் கேட்கவில்லையே!

டைரக்டரிடம் போனோம். அவர் முழுவதும் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு, "நம்ம திட்டத்தைப் பாக்க கமிட்டி வர்ற வியாழக்கிழமை வருது" என்றார்.

"தெரியும் சார். அவங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடலாம். ஃபிலிம்லயே பொறுக்க ஆரம்பிச்சா..."

"எத்தனை நாளாகும்?"

"சொல்ல முடியாது சார்" என்றார் முருகேசன்.

"சொல்ல முடியாதா? பையா, அந்த வார்த்தையை கமிட்டி முன்னாடி சொல்லிப் பாருங்க. திட்டமும் போகும், உங்க போஸ்ட்டும் போகும்." அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பையை எடுத்துப் போட்டார். ஏதோ ஒரு பேக்கிங் கம்பெனி மாதிரிக்கு அனுப்பியது. பார்க்கப் பிளாஸ்டிக் பை மாதிரியே பளபளவென்று இருந்தது. பாதிக்கு மேல் மாவுச்சத்து. "இதைப் போடுங்க. இதுவும் பைதானே?"

"சார், இது ஈரம் பட்டாலே ஊறிக் குழைஞ்சிடும்" என்றேன்.

"அச்சா ஹை நா? அப்ப கவலையே இல்ல."

முருகேசன் என்னைப் பார்த்தார். நான் பையைப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அதை அங்கேயே கிழித்துப் போட்டிருக்கலாம். கிழித்தால் மட்டும் என்ன ஆகும்? இன்னொரு பையை எடுப்பார். அதனால் ரொம்பச் சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்தேன். "சரி சார். ஆனா ஒப்பிட்டுப் பாக்க பக்கத்துல ஒரு கன்ட்ரோல் ஜாடி வைக்கணும். அதான் முறை" என்றேன். "வைங்க, வைங்க, மேசை நிறைவா இருக்கும்" என்றார் அவர்.

என் திட்டம் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரு ஜாடியில் எங்கள் என்சைம், இன்னொன்றில் வெறும் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் ஒரே மாவுப் பை. இரண்டிலும் கரையும். கமிட்டி பார்க்கும், புருவத்தை உயர்த்தும், கேள்வி கேட்கும். குட்டு உடையும். நானோ முருகேசனோ வாயைத் திறக்கவே வேண்டாம். முருகேசனிடம் சொன்னபோது அவருக்கும் மூச்சு வந்தது. நம் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் வரக்கூடிய மூடநம்பிக்கை இது. கன்ட்ரோல் ஜாடியை வைத்துவிட்டால் அது தானே பேசும் என்று நினைப்போம்.

வியாழக்கிழமை. கூட்ட அறையில் பூங்கொத்து, சமோசா, மினரல் வாட்டர். கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. வடக்கத்தியர், கம்பீரமான மீசை, எந்தத் துறையும் தெரியாததால் எல்லாத் துறைக்கும் தலைவராகப் போடப்பட்டவர். கூட இன்னும் சில உறுப்பினர்கள், எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசை நடுவில் என் ஜாடிகள் இரண்டிலும் நீர் வெதுவெதுப்பாகச் சுழன்றுகொண்டிருந்தது. அரசு விதிப்படி ஒவ்வொன்றின் மேலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருந்தேன். ஒன்றில் 'என்சைம்'. மற்றதில் 'தண்ணீர்'. கண்ணாடி போடாதவர்களுக்கும் தெரியும் அளவுக்குப் பெரிய எழுத்து.

டைரக்டர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அவர் முடிப்பதற்குள் இரண்டு ஜாடியிலும் பை குழைந்து, கிழிந்து, கஞ்சியாகிவிட்டது. தலைவர் எழுந்து வந்தார். முதல் ஜாடியைப் பார்த்தார். "வாஹ்!" என்று கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். பிறகு இரண்டாவது ஜாடிக்கு நகர்ந்தார். குனிந்தார். எழுதி ஒட்டியிருந்ததை வாசித்தார், உதடு அசைந்ததை நான் பார்த்தேன். நிமிர்ந்தார்.

"இதிலுமா! பஹுத் அச்சா! இரண்டிலும் வெற்றி!"

முதல் ஜாடியைவிட அதிகமாகத் தட்டினார். அறையே தட்டியது. ஒரு உறுப்பினர் சமோசாவைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். குழாய்த் தண்ணீருக்கு இப்படி ஒரு கைதட்டலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எதைச் செய்வதென்று தெரியாமல் அசடு வழிய நின்றேன். என் சாமர்த்தியம் எல்லாம் அந்த ஜாடியோடு கரைந்துபோய்விட்டது.

அப்போதுதான் பின்வரிசையில் முருகேசன் எழுந்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் யாரும் தப்பாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தனக்கு வராத இந்தியில் சொன்னார்.

"சார், வோ பானி ஹை."

அது தண்ணீர். டீ ஊற்றிக்கொண்டிருந்தவருக்குக்கூட விளங்கிவிட்டது. கைதட்டல் நின்றது. தலைவர் மறுபடியும் ஜாடியைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். முருகேசன் உட்காரவில்லை. "இந்தப் பை தண்ணியிலேயே கரையும் சார். எங்க என்சைம் இன்னும் நிஜ பிளாஸ்டிக்கைத் தொடல" என்று ஆங்கிலத்தில் முடித்தார். முழுவதும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்களா? அட போங்க! டெல்லியில் தண்ணீருக்குக் கை தட்டிய பெரிய மனிதர், தான் தண்ணீருக்குக் கை தட்டியதாக இருக்க முடியாது. அவர் தட்டியது சரி என்று ஆக வேண்டும். அதற்கேற்ப உலகம்தான் மாறிக்கொள்ள வேண்டும். டைரக்டர் துளிகூடத் தயங்கவில்லை. "எக்ஸாக்ட்லி சார்! நீர் சார்ந்த தொழில்நுட்பம். ரசாயனமே கிடையாது. எங்கள் இளம் விஞ்ஞானி அடக்கமாகச் சொல்கிறார்" என்றார். தலைவரின் மீசைக்கு உயிர் வந்தது. நடவடிக்கைக் குறிப்பில் 'நீர் சார்ந்த முறையும் சம அளவில் பயன் தருவதாக நிரூபிக்கப்பட்டது' என்று ஏறியது. சாணக்யபுரியில் ஒரு மாநில விருந்தினர் மாளிகையில் அமைச்சர் முன்னிலையில் அதைச் செய்து காட்டுவதென்று முடிவாயிற்று. செய்து காட்டப்போகிறவர் முருகேசன். அதற்குப் பரிசாக நிரந்தரப் பதவிக்கு ஒப்புதலும் அன்றே வாய்மொழியாகக் கிடைத்துவிட்டது.

முருகேசன் மாட்டேன் என்றார். டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். இந்த முறை அவர் குரலில் அதட்டல் இல்லை.

"வசந்தா, அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா. குவார்ட்டர்ஸ் கையில வந்து நிக்குது. ஒரே ஒரு நாள், ஒரு ஜாடி தண்ணி. நீங்க பெரியவங்க, போய்க் கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். அந்தத் தகரக் கூரை என் மனதை அரித்துக்கொண்டிருந்தது. அவரிடம் 'ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் உள்ளே இருந்துகொண்டே ஒழுங்காக வேலை செய்யலாம்' என்று சொல்ல வாக்கியம்கூடத் தயார் செய்துகொண்டு படி ஏறினேன்.

"வாங்கக்கா" என்றாள் ஜெயந்தி. வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கூரையிலிருந்து அனல் இறங்கிக்கொண்டிருந்தது. முருகேசன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். நான் ஆரம்பித்தேன். நீர் சார்ந்த தொழில்நுட்பம், அமைச்சர், குவார்ட்டர்ஸ் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு மூலையில் இருந்த நீலப் பிளாஸ்டிக் வாளியைக் காட்டினாள். காலையில் கொஞ்ச நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். அதைப் பிடித்து நாளெல்லாம் வைத்துக்கொள்ளும் வாளி.

"தண்ணியில பிளாஸ்டிக்கு கரையுமாக்கா? அப்ப எங்க வீட்டு வாளி ஏன் இன்னும் கரையல?"

அவள் கிண்டலாகத்தான் கேட்டாள். முருகேசன் முதல்முறையாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு பீறிட்டது, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். தயார் செய்து கொண்டுவந்த வாக்கியம் போன இடம் தெரியவில்லை. பிறகு அவள் சிரிக்காமல் சொன்னாள். "இந்த வெக்கையில எனக்கு மூச்சு முட்டுதுக்கா. அந்த வீடு வேணும்னுதான் இருக்கு. ஆனா அந்த வீட்டுக்குப் போயி, இவுக தெனம் தண்ணியக் காட்டி ஏமாத்திட்டு வந்து உக்காந்திருந்தா, அந்த மூஞ்சிய யாரு பாக்குறது?"

நான் காபி குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

மறுநாள் காலை சாணக்யபுரி விழா ஏற்பாடு பற்றிப் பேச, தலைவரே டைரக்டர் அறைக்கு வந்திருந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பிஸ்கட் தட்டு சுற்றி வந்தது. ஜாடி பேசாது என்பது எனக்கு வியாழக்கிழமையே உறைத்துவிட்டது. வாயால் சொல்ல வேண்டும். ஆனால் அவரை நேராகக் குற்றம் சொன்னால் மீசை மறுபடியும் விறைத்துக்கொள்ளும், முருகேசனின் கழுத்துக்குத்தான் கத்தி வரும். அதனால் ரொம்ப அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு இந்தியில் கேட்டேன்.

"சார், ஒரு சந்தேகம். விழாவில் பத்திரிகைக்காரர்கள் இருப்பார்கள். யாராவது ஒருவர், 'தண்ணீரில் பிளாஸ்டிக் கரையும் என்றால் எங்கள் வீட்டு வாளி ஏன் கரையவில்லை?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? கேள்வி அமைச்சரிடம்தான் வரும்."

டைரக்டர் கையில் இருந்த பிஸ்கட் டீயில் விழுந்து மூழ்கியது. தலைவர் என்னையே பார்த்தார். வாளி, அமைச்சர், பத்திரிகை மூன்றும் அவர் தலைக்குள் வரிசையாகப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று வாய்விட்டுச் சிரித்தார்.

"வாளி! அச்சா கேள்வி! நான் அன்றைக்கே சந்தேகப்பட்டேன்."

"ஆமாம் சார், நீங்கள் அன்றைக்கே ஒரு மாதிரிப் பார்த்தீர்கள்" என்றேன். இதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு கூசியது. ஆனாலும் சொன்னேன். பெரிய மனிதர்களை மூலையில் தள்ளினால் கடிப்பார்கள். வெளியே போக ஒரு கதவைத் திறந்து வையுங்கள், தானே கண்டுபிடித்தது போல நடந்து போய்விடுவார்கள். இந்த ஒன்றையாவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஃபெர்மென்டர் கையேட்டில் இது இல்லை.

விழா நின்றுபோனது. நீர் சார்ந்த தொழில்நுட்பம் வந்த சுவடு தெரியாமல் போனது. டைரக்டர் என்னுடன் கொஞ்ச நாள் பேசவில்லை. அது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. ஆனால் நிரந்தரப் பதவியும் சேர்ந்தே போனது. முருகேசனின் ஒப்பந்தத்தை மட்டும் நீட்டித்தார்கள், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. அந்தக் குவார்ட்டர்ஸ் வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் கிட்வாய் நகர் பக்கம் பஸ்ஸில் போனால் அந்த வரிசையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

முருகேசன் மஞ்சள் மருந்தைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். குப்பையிலிருந்து வந்த பழைய கிருமிக்கே திரும்பிப் போனார். இந்த முறை ஒவ்வொரு மியூட்டன்ட்டையும் நிஜப் படலத்திலேயே போட்டுப் பார்ப்பது என்று முடிவு. வாரம் வாரம் ஒன்றும் நடக்காது. திங்கட்கிழமை வரும், பலகை காலியாக இருக்கும், பர்ஃபி கிடையாது. மற்ற பிரிவுக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது துக்க வீட்டைத் தாண்டுவது போலப் போவார்கள். நானும் அவருக்குப் படலம் வெட்டிக் கொடுப்பேன், எடை போட்டுக் கொடுப்பேன். சில நாள் சலிப்பில் அவர் மேலேயே எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் அடுத்த படலத்தை எடுத்து என் பக்கம் நகர்த்துவார். இதற்கிடையில் ஜெயந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது.

குளிர்காலம் வந்துவிட்ட ஒரு காலை முருகேசன் என் மேசைக்கு வந்து ஒரு படலத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நடுவில் ஒரு ஓட்டை. கடுகு போகும், மிளகு போகாது. ஓரமெல்லாம் அரித்து மெலிந்திருந்தது. பக்கத்தில், கிருமி இல்லாத ஜாடியில் ஊறிய படலம் முழுசாக இருந்தது. நாங்கள் மறுபடியும் செய்தோம், அதற்கு மேலும் செய்தோம், ஒவ்வொரு முறையும் ஓட்டை விழுந்தது. இந்தக் கிருமியின் சுரப்பு பழையதைவிடக் கூடுதல். பழைய மஞ்சள் கணக்கில் பார்த்தால் வெறும் சொற்பம். டைரக்டரிடம் காட்டினோம். "இவ்வளவு சின்ன நம்பரைப் போர்டில எப்படி எழுதறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் குழந்தையைப் பார்க்க நானும் முருகேசனோடு போனேன். அவர் அந்தப் படலத்தை ஒரு உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜெயந்தியிடம் நீட்டினார். தகரக் கூரை அறை இப்போது ஐஸ் மாதிரி இருந்தது. அவள் குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய்ப் படலத்தைத் தூக்கிப் பிடித்தாள். ரொம்ப நேரம் ஓட்டையைத் தேடினாள்.

"இம்புட்டுக்காணு ஓட்டைக்கா இந்தப் பாடு?"

"ஆமா" என்றார் முருகேசன்.

"தண்ணியில போட்டுப் பாத்தீகளா?"

"பாத்தேன். விழல."

"நெசமான ஓட்டைதானே?"

"நெசம்."

அவள் இன்னொரு தடவை கண்ணைச் சுருக்கி அதன் வழியாக வெளியே பார்த்தாள். குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்ப சரி" என்றாள்.